எழுப்பாம விட்ட ஆளு

நான் மொதமொதல்ல அவரப் பாத்தப்ப அவரு செத்துக் கெடந்தாரு.

மாத்தளை டவுன்ல ஒரு மண்டபம். நாடகத்துக்குச் சட்டை தச்சிருந்தேன், குடுக்கப் போனேன். அலுவிகாரையில வீட்டு முன் ரூம்ல மெஷின் போட்டுத் தைக்கிறவ நான். சீலைக்கு ஓரம் அடிக்கிறது, ஸ்கூல் யூனிபோர்ம், ரவிக்கை, வந்ததெல்லாம் தைப்பேன். அன்னைக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு உள்ள போறேன், நடு மண்டபத்துல ஒரு மனுசன் மல்லாந்து கெடக்குறாரு. ஒரு கால் அடியில மடங்கிக் கெடக்கு. வாய் லேசா தொறந்திருக்கு, கண்ணும் பாதி தொறந்திருக்கு. அந்தக் கண்ணு மேல ஒரு ஈ உக்காந்து, நடந்து, மூக்குப் பக்கமா எறங்கிப் போகுது. கண்ணு சிமிட்டல. நெஞ்சு ஏறல, எறங்கல.

மூட்டையப் போட்டுட்டுக் கத்துனேன். ஜன்னல் பக்கம் பிளேன்டீ குடிச்சிக்கிட்டு நின்னவங்க சிரிச்சாங்க. "பயப்படாதீங்கக்கா, டைரக்டர் செத்துக் காட்டுறாரு."

அவரு எந்திரிச்சு ஒக்காந்து முதுகுத் தூசியத் தட்டுனாரு. என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "தங்கச்சிக்கு அழுகைக்கு ஏத்த கொரலு"ன்னாரு. வேற யாரும் சொல்லியிருந்தா நல்லா வாங்கிக் கட்டியிருப்பாங்க. எனக்குப் பயம் வந்தா வாய் நிக்காம ஓடும். அன்னைக்கு மட்டும் ஓடல. சட்டைய எண்ணிக் குடுக்காமலே வந்துட்டேன்.

டைரக்டர், டைரக்டர்னு ஊரே கூப்பிட்டதால அவரோட பேரு யாருக்குமே தெரியாது. ஒரு படமும் எடுக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டம் வந்துருச்சு. அது கிண்டலா வந்த பட்டம், அவரு அதப் பெருசா எடுத்துக்கல. சின்ன வயசுல தேயிலைத் தோட்டத்துக் கூத்துல ஆடுனவரு. பெறகு கொழும்புக்குப் போயி ரேடியோ நாடகத்துல பேசுனாரு. அதுக்குப் பெறகு சிங்கள டெலிட்ராமா. அதுல அவருக்கு என்ன வேஷம் குடுப்பாங்க? தோட்டத்துக்காரன், இல்லாட்டிக் கடைக்காரன், இல்லாட்டிக் காட்டுக்குள்ள துவக்கோட நிக்கிறவன். எந்த வேஷமா இருந்தாலும் அவரு சாகணும். பாதிக் கதை வரைக்கும் கூட விட்டு வைக்க மாட்டாங்க. எங்க வீட்ல டீவி ஓடிக்கிட்டு இருக்கும், பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்க நிஹாரா தாத்தாம்போம், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேப்பாங்க, "இன்னைக்கும் மௌத்தாயிட்டாரா?" "இன்னும் இல்ல தாத்தா, விளம்பரம் போகுது"ன்னு நான் சொல்லுவேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்க நானாம்போம், அவரத் தூரத்துல கண்டாலே உள்ளுக்குச் சத்தம் குடுப்பாரு. "மையத்து வருது, பிளேன்டீ ஒண்ணு போடு." மையத்துன்னா அவங்க பேச்சுல பொணம். டைரக்டர் கோவிக்க மாட்டாரு. வந்து ஒக்காந்து குடிச்சிட்டு, "நானா, எல்லாரும் எனக்குச் சாவுற சீன்தான் எழுதுறாங்க. எழும்புற சீன் எழுத ஒருத்தன் இல்ல"ம்பாரு. அப்பறம்தான் அவரே எழுத ஆரம்பிச்சாரு. மேடைக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நெறைய எழுதினாரு. எல்லாத்துலயும் கட்டாயம் ஒருத்தன் செத்து விழுவான். கடைசியில எழும்புவான்.

அந்த எழும்புறதுலதான் வம்பு. சாகுறத அவரு அரை மணித்தியாலத்துல சொல்லிக் குடுத்துருவாரு. "சாகுறது லேசு. மூச்ச வெளிய விட்டுட்டுத் திருப்பி எடுக்க மறந்துரணும், அவ்வளவுதான்." எழும்புறதுதான் எந்த நடிகனுக்கும் சரி வராது. ஒருத்தன் கைய ஊனி எழும்புவான். "இது தூங்கி எழும்புறது"ம்பாரு. இன்னொருத்தன் துள்ளி எழும்புவான். "இது கள்ளன் வந்தா எழும்புறது." மெதுவா எழும்புனா, "இது வயித்து வலிக்கு எழும்புறது." அப்ப எப்படித்தான் எழும்பணும்னு கேட்டா அவருக்கும் தெரியாது. அதக் கேக்குறப்ப அவரு மொகம் மாறும். ஏதோ வெறும் வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு வந்தாப்புல இருக்கும்.

உக்குவளையில ஒரு ஸ்கூல் மண்டபத்துல நாடகம். அதுக்கும் சட்டை தச்சது நான்தான், கூடப் போயிருந்தேன். கடைசிக் காட்சியில செத்தவன் எழும்புறான், சனம் கை தட்டுது. திரைக்குப் பக்கத்துல நின்ன டைரக்டர் சத்தமா, "இல்ல, படு"ன்னாரு. அந்தப் பையன் பாவம், பழக்க தோஷத்துல படுத்துட்டான். கை தட்டல் நின்னு போச்சு. திருப்பி எழும்புனான். "படு." கடைசியில திரைய இழுத்து மூடிட்டாங்க. பஸ்ல வர்றப்ப எல்லாரும் சிரிச்சிக்கிட்டு வந்தாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அவரு "படு"ன்னு சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன். அது டைரக்டரோட கொரலா இல்ல. கூட இருக்குறவன் எழும்பிப் போயிருவானோங்குற கொரலு.

இன்னொரு பழக்கம், ரோட்டத் தாண்டுறது. கண்டி ரோட்டுல வேன் எப்படிப் பறக்கும்னு தெரியும்தானே. இந்த மனுசன் வலதும் பாக்க மாட்டாரு, இடதும் பாக்க மாட்டாரு, குசினியிலருந்து முன் ரூமுக்கு வர்ற மாதிரி நடந்து போவாரு. பஸ் பிரேக் போட்டு அலறும். டிரைவர் தலைய வெளிய நீட்டி, "மெரென்னத யன்னே?" சாகவா போற நீன்னு சிங்களத்துல ஏசுவான். அதுக்கு இவரு நின்னு, மரியாதையா, "தென் பரக்குய்"ம்பாரு. இனி லேட்டாயிருச்சுன்னு அர்த்தம். நாங்கெல்லாம் அத நையாண்டின்னுதான் நெனச்சோம்.

என் வீட்டுக்காரரு சந்திரன். மாத்தளையில த்ரீவீல் ஓட்டுறவரு. அவரு பொறந்த எடமும் டைரக்டர் பொறந்த எடமும் ஒண்ணு, ரத்தோட்டைக்கு மேல ஒரு தோட்டம். ஆனா டைரக்டர் எத்தனையோ வருசம் மூத்தவரு. கண்டியிலருந்து கேமரா வச்சிருக்குற மூணு பையன்க அவரோட சேந்தாங்க, படம் எடுக்குறதுன்னு முடிவாச்சு. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ரவிக்கை வெட்டிக்கிட்டு இருந்த என்னையும், சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்த அவரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"நம்ம தோட்டத்து மாசிக் கூத்துதான் படம். தம்பி, நீ எரியிறவன். தங்கச்சி அழுறவ."

"எனக்கு அழத் தெரியாது"ன்னேன்.

"அன்னைக்கு மண்டபத்துல கத்துனியே, அது போதும்."

என் வீட்டுக்காரரு சோத்துக் கையோட அப்படியே ஒக்காந்திருந்தாரு. டைரக்டர் போன பெறகு வெசயத்தச் சொன்னாரு. அவங்க தோட்டத்துல மாசியில ஆடுற கூத்துல, சாமியோட கோவத்துல எரிஞ்சு விழுற வேஷம் ஒண்ணு இருக்கு. விழுந்தவன் மேல வெள்ளை வேட்டியப் போத்துவாங்க. பொண்டாட்டி வேஷம் கட்டுனவ அழுது முடிப்பா. அதுக்குப் பெறகு கூத்த நடத்துறவரு மஞ்சத் தண்ணி தெளிச்சு, விழுந்தவனோட வீட்டுப் பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். வேஷத்தோட பேரும் இல்ல, செக்ரோல்ல பதிஞ்சு தோட்டத்துல வேலைக்குக் கூப்பிடுற பேரும் இல்ல. ஆத்தா மடியில வச்சுக் கூப்பிட்ட பேரு. மூணாவது தடவைக்கு எழும்பணும்.

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடாம விட மாட்டாங்க."

"சரி, விட்டுட்டா?"

"வேஷம் எழும்பிரும். ஆளு எழும்பாதும்பாங்க." சொல்லிட்டு அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. வேணாங்கன்னேன். படத்துல மொகம் வர்ற ஆச யாருக்குத்தான் இல்ல, ஒரே நாள்தான், நீயும் கூட இருப்பேதானேன்னாரு. நானும்தான் சரின்னேன்.

தோட்டத்துக்குப் போன அன்னைக்குக் காலையில நல்ல வெயிலு. லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாடி இருக்குற மைதானத்துல பையன்க கேமராவ நிறுத்துனாங்க. வேலைக்குப் போகாத சனம் சுத்தி நின்னு வேடிக்க பாத்துச்சு. கேமரா சரி பண்ற நேரத்துல டைரக்டர் ஒரு எடத்தக் காலால தட்டிக் காட்டுனாரு. "நான் விழுந்தது இங்கதான்."

அன்னைக்குத்தான் அவரு வாயால கேட்டேன். அவருக்கு அப்ப மீசை அரும்புற வயசு. விடியிற நேரத்துலதான் எரிப்பு. விழுந்துட்டாரு, வேட்டிய போத்திட்டாங்க, அழுறவன் அழ ஆரம்பிச்சிட்டான். அப்பல்லாம் ஆம்பளதான் பொம்பள வேஷம். அந்த நேரம் கீழ ரோட்டுல லொறி வந்து நின்ன சத்தம். தடியோட ஆளுங்க. கலவரம் நடந்த கெட்ட காலம், எந்த நேரமும் வரலாம்னு பயந்துக்கிட்டு இருந்த காலம். மொத்தத் தோட்டமும் மலைக்கு ஏறி ஓடிருச்சு.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு தங்கச்சி. ஆனா கூப்பிடாம எப்படி எழும்புறது? படுத்தே கெடந்தேன். ஒருத்தன் வந்து வேட்டியத் தூக்கிப் பாத்தான். மூஞ்சி பூரா சாம்பல் பூசியிருக்கு. ஈ உக்காந்திருக்கு. 'மே எக்கா மெரிலா'ன்னான். இவன் செத்துட்டான்னு சொல்லிட்டு வேட்டியத் திருப்பிப் போத்திட்டுப் போனான்."

"அதனால தப்பிச்சீங்க."

"தப்பிச்சேனான்னு யாரும் வந்து சொல்லலயே"ன்னாரு. உச்சி வெயில் வரைக்கும் கெடந்திருக்காரு. ஆத்தா அப்பன் எந்தப் பக்கம் ஓடுனாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல. கடைசியில தானே எந்திரிச்சு, வேட்டிய மடிச்சு வச்சிட்டு நடந்திருக்காரு. கூத்த நடத்துனவரு அந்த மாசமே குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாரு, அங்கேயே செத்தும் போயிட்டாரு. இத அவரு ரொம்ப சாதாரணமா, பஸ் எத்தன மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

படப்பிடிப்பு ஆரம்பிச்சுச்சு. என் வீட்டுக்காரரு எரிஞ்சு விழுந்தாரு. வேட்டிய போத்துனாங்க. நான் அழுதேன். நெசமாவே அழுதேன், அழறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரத் தேவையில்ல, தாலி கட்டுன மனுசன் வெள்ளைத் துணிக்குக் கீழ கெடந்தா எவளுக்கு வராது? டைரக்டர் மஞ்சத் தண்ணி தெளிச்சு, படத்துக்காக வேஷத்தோட பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவரு எழும்புனாரு. "இல்ல." திருப்பிப் படுத்தாரு, திருப்பி அழுதேன், திருப்பி எழும்புனாரு. "இல்ல தம்பி, இது தூங்கி எழும்புறது." எத்தன தடவன்னு தெரியல. மத்தியானம் தாண்டுச்சு. மேல மலையிலருந்து மூட்டம் எறங்க ஆரம்பிச்சுது. திருப்பி ஒருக்கா படுக்க வச்சுப் போத்துனாங்க. நான் அழுது முடிச்சேன். டைரக்டர் செம்பத் தூக்கவும் மழ கொட்டவும் சரியா இருந்துச்சு. கேமராப் பையன்க "அண்ணே, கேமரா நனையுது, பேக்கப்"னு கத்திக்கிட்டு லயத்துக்குள்ள ஓடுனாங்க. டைரக்டரும் பின்னாலயே ஓடுனாரு. சனமும் ஓடிருச்சு.

மைதானத்துல நானும் வெள்ளைத் துணியும்தான். "எந்திரிங்க"ன்னேன். துணி அசையல. மழையில துணி மொகத்தோட ஒட்டி மூக்கும் வாயும் தெரியுது. "எந்திரிங்க, எல்லாரும் போயிட்டாங்க." அதுக்குப் பெறகுதான் எந்திரிச்சாரு. எந்திரிச்ச மொகத்துல ஒண்ணும் இல்ல. லயத்து வாசல்ல கொழுந்துக் கூடையோட நின்ன ஒரு அம்மா, "ஏம்மா, எழுப்பாமலா கூட்டிட்டுப் போறீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் காதுல விழாத மாதிரி த்ரீவீல்ல ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்த பெறகு அவரு சாப்பிடல. களைப்புன்னு நெனச்சேன். அடுத்த நாளும் சாப்பிடல. சாப்பாட்டுத் தட்டு முன்னால ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பசிக்கலையான்னு கேட்டேன். "பசிக்கணும்னு ஞாபகம் இருக்கு"ன்னாரு. என்னங்க பேச்சு இதுன்னு தட்டத் தள்ளி விட்டேன். கோவமே வரல அவருக்கு. வேற நாளா இருந்தா தட்டு பறந்திருக்கும்.

ராவைக்குக் கண்ண பாதி மூடிக்கிட்டுப் படுத்துக்குவாரு. காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரஷரும் சரி, சுகரும் சரி, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கன்னு டொக்டர் அம்மா நல்லபடியாத்தான் பேசி அனுப்புனாங்க. திரும்பி வர்றப்ப அவரே ஓட்டுனாரு. அலுவிகாரை வளைவுல எதிர்ல தம்புள்ளை பஸ் வருது. இவரு நடு ரோட்டுல போறாரு. நான் பின்னாலருந்து ஹாண்டில எட்டிப் புடிச்சுத் திருப்புனேன். பஸ் ஒரு முழத்துல ஒரசிக்கிட்டுப் போச்சு. திரும்பி என்னையப் பாத்து, "ஏன் கத்துற"ன்னாரு. நெசமாவே தெரியாமத்தான் கேட்டாரு. எனக்கு அப்ப அந்த டிரைவரும் "தென் பரக்குய்"யும் ஞாபகம் வந்துச்சு. நான் இந்த மனுசனத் தொலைக்கப் போறேன்னு அந்த வளைவுலதான் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுச்சு.

த்ரீவீல் சாவிய எடுத்து இடுப்புல சொருகிட்டு, அவரப் படுக்க வச்சு நிஹாரா தாத்தாவப் பாத்துக்கச் சொல்லிட்டு, டைரக்டரத் தேடிப் போனேன். அந்தத் தேத்தண்ணிக் கடையில ஒக்காந்திருந்தாரு. வெசயத்தச் சொன்னேன். அவரு கண்ணு மின்னுச்சு.

"மொகம் இப்ப எப்படி இருக்கு?"

"என்னது?"

"அப்படியே இருக்கட்டும் தங்கச்சி. சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாத. ரெண்டு நாள்ல வெயில் வந்துரும். அந்த மொகத்தோட எழும்புனா அதுதான் சீன்."

என் வாய் ஓட ஆரம்பிச்சுச்சு. என்னென்ன ஏசுனேன்னு எனக்கே தெரியாது. உங்க படத்துக்கு என் தாலிதானா கெடச்சுச்சு, நீங்க மனுசனா, ஒரு உசிர படுக்கப் போட்டுட்டுக் கேமராவ மூடிக்கிட்டு ஓடுனீங்களே, கூத்த நடத்துனவரு நீங்கதானே, நீங்கதானே எழுப்பணும். கடை நானா கல்லாவுலருந்து எந்திரிச்சே நின்னுட்டாரு. டைரக்டர் பொறுமையாக் கேட்டுட்டு, "ஒண்ணும் ஆகாது"ன்னாரு. "நான் இருக்கேன்தானே. நடக்கலாம், சாப்பிடலாம், நாடகம் போடலாம், படம் எடுக்கலாம். ருசி மட்டும் இருக்காது. பழகிரும்."

"எனக்குப் பழக வேணாம். வந்து எழுப்புங்க."

"எப்படி எழுப்புறது? என்னைய எவனும் எழுப்பல. செத்துக் கெடக்குறவன் கூப்பிட்டா பக்கத்துல கெடக்குறவனுக்குக் கேக்குமா?"

இதச் சொன்னப்ப அவரு நடிக்கல. அவரு நடிக்கிறத நான் பாத்திருக்கேன், எனக்குத் தெரியும்.

"அப்ப ஒங்கள நான் எழுப்புறேன், வாங்க"ன்னேன். கோவத்துல வந்த வார்த்தைதான். ஆனா அவரு பிளேன்டீய வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு.

நிஹாரா தாத்தாவ அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். முன் ரூம்ல தச்சு முடிச்ச யூனிபோர்மெல்லாம் குமிஞ்சு கெடந்துச்சு. ஓரமாத் தள்ளிட்டேன். உள் ரூம் கதவு தொறந்திருக்கு, கட்டில்ல என் வீட்டுக்காரரு சுவரப் பாத்துப் படுத்திருக்காரு. டைரக்டர் சிமெந்துத் தரையில படுத்தாரு. நான் சீலைக்கு வச்சிருந்த வெள்ளைத் துணி ரெண்டு யார்டு எடுத்துப் போத்துனேன். செம்புல மஞ்சத்தூள் கரைச்சேன். பாதி கீழ கொட்டிருச்சு.

"பேரு?"ன்னு கேட்டேன்.

குனிஞ்சு காதக் குடுத்தேன். சொன்னாரு. சின்னப் பேரு, ஆத்தாமாரு புள்ளைக்கு வைக்கிற செல்லப் பேரு. அந்தப் பெரிய உருவத்துக்கும் அந்தப் பேருக்கும் ஒட்டவே இல்ல. சொன்னப்ப அவரு கொரலும் சின்னதாயிருந்துச்சு.

தண்ணியத் தெளிச்சு ஒரு தடவ கூப்பிட்டேன். ஒண்ணுமில்ல. ரெண்டாவது தடவ. துணி அசையல. மூணாவது தடவ கூப்பிட்டேன். அசையல. நின்னேன். மூச்சு இருக்கான்னு பாக்குறேன், வாய்ப் பக்கம் துணி ஏறல எறங்கல. மண்டபத்துல பாத்த அதே கெடப்பு. என் வீட்லயே ஒரு ஆளக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்.

அப்பறம் துணிக்குள்ள ஒரு சத்தம். தொண்டையச் செருமுற மாதிரி, விக்குற மாதிரி. ஒரு கை வெளிய வந்து மெஷினோட காலப் புடிச்சுது. முட்டி மடக்குன்னு சத்தம் போட்டுச்சு. மூக்கு ஒழுகிக்கிட்டு, கடைவாய்ல எச்சி வழிய, வழுக்கி ஒரு தடவ விழுந்து, திருப்பிப் புடிச்சு, பொறந்த கன்னுக்குட்டி மாதிரி எந்திரிச்சாரு. எந்த நாடகத்துலயும் யாரும் அப்படி எழும்பல. எழும்பியிருந்தா அவரு "படு"ன்னிருப்பாரு. நின்னு என்னையப் பாத்தாரு. அவரு கண்ணுல நான் என்னைக்கும் பாக்காத ஒண்ணு இருந்துச்சு. பயம்.

"சீக்கிரம்"னேன். உள்ள போயி என் வீட்டுக்காரரு மேல தண்ணி தெளிச்சு, நான் சொல்லிக் குடுத்த வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. "முத்து. முத்து." மூணாவது தடவ கூப்பிடுறப்ப அழுதுட்டாரு. கட்டில்ல அசைவு. என் வீட்டுக்காரரு திரும்பி, மொகத்துல இருந்த தண்ணியத் தொடச்சிட்டு, "என்ன கருமம் இது, படுக்கையெல்லாம் நனைச்சு வச்சிருக்கீங்க"ன்னு ஏசுனாரு. அப்பறம் என்னையப் பாத்து, "பாண் இருக்கா?"ன்னாரு. நான் குசினிக்குள்ள போயி, பாண் ரொட்டியையும் பருப்பையும் சம்பலையும் எடுத்து வச்சிட்டு, சுவர்ல சாஞ்சு வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். நல்லதோ கெட்டதோ, நடந்துச்சோ நாங்களா நெனச்சுக்கிட்டோமோ, அந்த மனுசன் பாணப் பிச்சுத் தின்ன சத்தம் எனக்குப் போதும்.

டைரக்டரும் சாப்பிட்டாரு. சம்பல் ஒறைக்குதுன்னு தண்ணி கேட்டாரு. பெறகு வாசலுக்குப் போனவரு ரோட்டத் தாண்டல. ஓரத்துல நின்னு வலது பாக்குறாரு, இடது பாக்குறாரு. ஒரு வேன் போச்சு, ஒரு அடி பின்னால வந்துட்டாரு. திரும்பி என் வீட்டுக்காரர, "தம்பி, கொஞ்சம் கையப் புடிச்சிக்கிட்டு வாறியா"ன்னு கேட்டாரு. போறப்ப என்கிட்ட மெதுவா, "தங்கச்சி, இனி எனக்குச் சாவு வரும்தானே?"ன்னாரு. தலைய மட்டும் ஆட்டுனேன்.

அதுக்குப் பெறகு அவரு பழைய ஆளில்ல. பிரஷர் மாத்திரை வாங்குனாரு. மழைக்குக் கொடை புடிச்சாரு. மண்டபத்துல செத்துக் காட்டச் சொன்னா மாட்டேன்னுட்டாரு. கடை நானா வழக்கம் போல "மையத்து வருது"ன்னப்ப, "அப்படிச் சொல்லாதீங்க நானா"ன்னு கெஞ்சுனாராம். நானாவுக்கு ரொம்ப மனசு கஷ்டமாயிருச்சு. படத்த முடிக்கக் கேமராப் பையன்க வந்தப்ப நான் கத்திரிக்கோலக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னேன். "வேணாம், எனக்கும் பயமா இருக்கு"ன்னு அவரே அவங்களக் கூட்டிட்டுப் போயிட்டாரு. படத்தோட கடைசியில அந்த வேட்டி கொடியில காயுறது மட்டும்தான் வரும். மாத்தளையில போட்டுக் காட்டுனப்ப, அவன் எழும்புனானா இல்லையான்னு சனம் சண்டை புடிச்சுது. டைரக்டர் வெளிய போற கதவுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு.

ரொம்ப நாள் இருக்கல. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம், போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. அம்மன் கோயில் பக்கத்துல சொந்தக்காரங்க வீட்டுல வச்சிருந்தாங்க. வாசல்ல கட்டுன வெள்ளைத் துணியில ஒரு பேரு எழுதியிருந்துச்சு. அது செக்ரோல் பேரு. அந்தப் பேரப் பாத்து நெறையப் பேரு, ஓ இதுதானா இவரு பேருன்னு பேசிக்கிட்டாங்க.

நானும் என் வீட்டுக்காரரும் பெட்டிக்குப் பக்கத்துல போயி நின்னோம். மோசமா செத்திருந்தாரு. தாடைய துணியால கட்டியிருக்கு, மொகம் ஒரு பக்கம் கோணிக் கெடக்கு, மூக்குல பஞ்சு. அவரு பாத்திருந்தா "இல்ல, திருப்பிப் படு"ன்னிருப்பாரு. அதப் பாத்துத்தான் இது நெசம்னு எனக்குப் பட்டுச்சு. பயம் வந்தா என் வாய் என் பேச்சக் கேக்காதுன்னு சொன்னேன்தானே. தானாவே ஓடிருச்சு. குனிஞ்சு, யாருக்கும் கேக்காம, அந்தச் சின்னப் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டுட்டேன்.

என் வீட்டுக்காரரு என் கைய நெரிச்சுப் புடிச்சாரு. அவரு மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "போதும், வா"ன்னு இழுத்துட்டு வந்துட்டாரு.

அவர மண்ணுக்குள்ள வச்சாச்சு. அந்தப் பேரு தெரிஞ்ச ஆளு இப்ப நான் ஒருத்திதான். மெஷின் மிதிக்கிறப்ப, வீட்ல யாரும் இல்லாதப்ப, அது நுனி நாக்குக்கு வந்துரும். ஒதட்டக் கடிச்சுக்குவேன். இங்க இவ்வளவு சொல்லியும் அவரு பேர மட்டும் நான் சொல்லாதது அதுக்குத்தான். ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு.